திருத்தந்தையின் உயிலில் ஒரு ரபி



2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இறைவனடி சேர்ந்தார். ஐந்து நாள் கழித்து அவரது ஆன்மீக உயிலை வத்திக்கான் வெளியிட்டது. 1979 முதல் 2000 வரை, பெரும்பாலும் தவக்கால ஆண்டுத் தியானங்களின்போது, அவ்வப்போது எழுதிச் சேர்த்த சில பக்கங்கள் அவை. சொத்து எதுவும் விட்டுச் செல்லவில்லை என்கிறார். தம் குறிப்புகளை எரித்துவிடச் சொல்கிறார். பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் வளர்ந்த ஊரையும் நினைவுகூர்கிறார். உயிரோடு இருந்தவர்களில் இரண்டே இரண்டு தனி மனிதர்களை மட்டும் அடையாளம் தெரியும்படி குறிப்பிடுகிறார். ஒருவர் நாற்பது ஆண்டுகளாக அவரோடிருந்த செயலர், பேரருள்திரு ஸ்தனிஸ்லாவ் ஜிவிஷ். மற்றவரைப் பெயர் சொல்லாமல் ‘உரோமையின் ரபி’ என்கிறார்.

அந்த ரபியின் பெயர் எலியோ தோவாஃப். நம் பங்குகளில் அநேகர் கேள்விப்பட்டிராத பெயர். குருமடத்தில் நான் படித்த காலத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடுகளை வரிசையாகக் கற்றோம். யூதர்களைப் பற்றிப் பேசும் ‘நம் காலத்தில்’ என்ற அறிக்கைக்கு ஒரு வகுப்புக்கு மேல் கிடைக்கவில்லை. அந்த அறிக்கை தாளிலிருந்து இறங்கித் தெருவில் நடந்து வந்ததற்கு இந்த மனிதர் பெரிய காரணம். ஆகவே அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். ரபி என்றவுடன் நம்மவர்கள் குருவானவர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் அழிந்ததோடு யூதர்களிடையே பலி ஒப்புக்கொடுக்கும் குருத்துவப் பணி நின்றுபோயிற்று. ரபி என்பவர் திருச்சட்டம் கற்றவர், கற்பிப்பவர், மக்களின் வழக்குகளுக்கும் ஐயங்களுக்கும் சட்டத்தின்படி விடை சொல்பவர். இயேசுவைச் சீடர்கள் அழைத்த அதே சொல்தான் (காண்: யோவா 1:38).

எலியோ தோவாஃப் 1915 ஏப்ரல் 30 அன்று இத்தாலியின் துறைமுக நகரான லிவோர்னோவில் பிறந்தார். தந்தை அல்ஃப்ரெதோ சபாத்தோ தோவாஃப் அந்நகரின் ரபி, நல்ல அறிஞர். லிவோர்னோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொஸ்கானாவின் பெருங்கோமகன் முதலாம் ஃபெர்டினாந்து, வணிகம் தழைக்க வேண்டும் என்பதற்காக யூதர்களை அங்கே வரவேற்றுக் குடியேற்றினார். இத்தாலியின் பெரிய நகரங்களில் யூதர்களைச் சுவருக்குள் அடைத்துவைத்த ‘கெத்தோ’ இல்லாத ஊர் அது. தலைநிமிர்ந்து நடந்து பழகிய ஊரின் பிள்ளை, பிற்காலத்தில் மூன்று நூற்றாண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்த ஒரு மக்களுக்குத் தலைவராகப் போகிறார். இது முக்கியம் என்றே எனக்குப் படுகிறது.

வீட்டில் திருச்சட்டமும் அருகிலுள்ள பீசா பல்கலைக்கழகத்தில் அரசுச் சட்டமும் படித்தார். 1938-இல் முசோலினி அரசு இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. யூத மாணவர்களும் ஆசிரியர்களும் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அதற்கான முதல் ஆணையில் அரசர் கையெழுத்திட்ட இடம் சான் ரொஸ்ஸோரே என்னும் அரச மாளிகைத் தோட்டம். பீசாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பல்கலைக்கழக மாணவர்கள் படிப்பை முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருந்தது. ஆனால் இந்த இளைஞனின் ஆய்வேட்டுக்கு வழிகாட்ட யாரும் முன்வரவில்லை. லொரென்சோ மோஸ்ஸா என்ற பேராசிரியர் மட்டும் ஏற்றுக்கொண்டார். 1938-இல் சட்டப் பட்டமும் அடுத்த ஆண்டில் ரபி பட்டமும் பெற்றார். வழக்கறிஞராக வாய்ப்பில்லை, ரபியாக மட்டும் இருக்கலாம். 1941-இல் அட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள அங்கோனா நகரின் ரபியானார். அப்போது வயது 26. மனைவி லியா. மறு ஆண்டு அங்கேயே மூத்த மகன் பிறந்தான்.

1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலி நேச நாடுகளிடம் சரணடைந்த செய்தி வெளியானது. அதுவரை கூட்டாளியாக இருந்த ஜெர்மனி, இப்போது இத்தாலியை ஆக்கிரமித்தது. அவமானத்தோடு வாழ்ந்துகொண்டிருந்த யூதர்கள் இப்போது உயிருக்கே அஞ்ச வேண்டியதாயிற்று. அவ்வாண்டு பாவக்கழுவாய் நாள் அக்டோபர் 9-இல் வந்தது. ஆண்டு முழுவதும் தொழுகைக்கூடத்தின் வாசலை மிதிக்காத யூதரும் அன்றைக்கு வந்துவிடுவார். வளைத்துப் பிடிக்க நினைப்பவனுக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. அங்கோனாவின் கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் தோவாஃபைத் தேடிவந்து, அன்று ஜெர்மானியர் வருவார்கள் என்று எச்சரித்தார். ரபி தொழுகைக்கூடத்தைப் பூட்டினார். மக்களை ஒளிந்துகொள்ளச் சொன்னார். ஆண்டின் மிகப் புனிதமான நாளில் தன் கோவிலைத் தானே பூட்டுவது எவ்வளவு கடினம் என்று, 2020-இல் பெருந்தொற்றின்போது புனித வாரத்தில் ஆலயக் கதவைச் சாத்திய எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். எங்களுக்கு அது உயிரைப் பறிக்க வந்தவர்களுக்கு எதிரானது அல்ல, அவ்வளவுதான்.

அதன்பின் குடும்பத்தோடு ஓட்டம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஊர் ஊராக மறைந்து வாழ்ந்து, கடைசியில் தொஸ்கானாவின் வெர்சிலியா மலைப்பகுதியில் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்ட விடுதலைப் படையினரோடு சேர்ந்தார். ஒருமுறை நாத்சி எஸ்.எஸ். படையினரின் கையில் சிக்கினார். சுடப்படுவதற்கு முன் தன் குழியைத் தானே தோண்டும்படி கட்டளையிடப்பட்டது. தோண்டினார். கடைசி நேரத்தில் உயிர் தப்பினார்.

அதைவிடவும் அவரை வாழ்நாள் முழுவதும் விடாமல் பின்தொடர்ந்தது வேறொன்று. அதே மலையில் சாந்தன்னா தி ஸ்தாட்செமா என்ற சிற்றூர் இருக்கிறது. போர் முனையிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் அங்கே தஞ்சம் புகுந்திருந்தன. 1944 ஆகஸ்ட் 12 அன்று காலை எஸ்.எஸ். படையினர் ஊரைச் சூழ்ந்தார்கள். ஆண்கள் பலர் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நம்பினார்கள். சில மணி நேரத்தில் ஏறக்குறைய 560 பேர் கொல்லப்பட்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் நூற்றுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். ஒரு குழந்தைக்கு வயது 20 நாள். ஆலயத்தின் முன்னால் இருந்த வெளியில் மக்களை நிறுத்திச் சுட்டு, ஆலயத்தின் உள்ளேயிருந்த இருக்கைகளை வெளியே இழுத்துப் போட்டு அவற்றோடு உடல்களை எரித்தார்கள். தம் மக்களை விட்டுப் போகாத குருவானவர், அருள்தந்தை இன்னோசென்சோ லாசேரி, அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

கொலைகாரர்கள் போனபின் அவ்வூருக்குள் நுழைந்தவர்களில் ரபி தோவாஃபும் ஒருவர். ஒரு வீட்டில் ஒரு பெண் நாற்காலியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்து அருகில் போனார். அவள் நிறைமாதக் கர்ப்பிணி. வயிறு கிழிக்கப்பட்டிருந்தது. இதற்குமேல் நான் எழுதவில்லை. அவர் சாகும்வரை அதைச் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே செத்தவர்கள் யூதர்கள் அல்லர், கத்தோலிக்கர்கள். அவர்களுடைய இரத்தத்துக்குச் சாட்சி சொன்னவர் ஒரு யூத ரபி.

இந்தக் கொலையின் விசாரணைக் கோப்புகள் உரோமையில் இராணுவ வழக்குத் துறையின் கட்டடம் ஒன்றில், கதவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்த ஓர் அலமாரிக்குள் பல்லாண்டுகள் கிடந்தன. 1994-இல்தான் கண்டெடுக்கப்பட்டன. 2005-இல் லா ஸ்பெசியா இராணுவ நீதிமன்றம் முன்னாள் எஸ்.எஸ். படையினர் பத்துப் பேருக்கு, அவர்கள் நேரில் வராத நிலையிலேயே, ஆயுள் தண்டனை விதித்தது. சம்பவம் நடந்து 61 ஆண்டுகள் ஆகியிருந்தன.

போர் முடிந்ததும் 1946 முதல் 1951 வரை வெனிஸ் நகரின் ரபி. அங்கேயே பல்கலைக்கழகத்தில் எபிரேய மொழியும் கற்பித்தார். அந்த ஆண்டுகளை வேகமாகக் கடந்து, 1951-க்கு வருகிறேன். அவ்வாண்டு 36 வயதில் உரோமையின் தலைமை ரபியாக அழைக்கப்பட்டார்.

அந்தச் சமூகம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அவருடைய பணியின் பாரம் புரியும். உரோமை யூதர்கள் மேற்கு உலகிலேயே மிகப் பழைய யூதச் சமூகத்தினருள் ஒருவர். யூதா மக்கபே உரோமைக்குத் தூதர்களை அனுப்பியதை நம் திருவிவிலியத்தில் வாசிக்கிறோம் (காண்: 1 மக் 8). பேதுருவும் பவுலும் அந்நகருக்கு வருமுன்பே அவர்கள் அங்கே இருந்தார்கள். 1555-இல் திருத்தந்தை நான்காம் பவுல் அவர்களைத் தைபர் ஆற்றங்கரையில், அடிக்கடி வெள்ளம் ஏறும் ஒரு சிறிய பகுதிக்குள் அடைத்தார். மஞ்சள் அடையாளம் அணிய வேண்டும். பழந்துணி வியாபாரம் தவிரப் பெரும்பாலும் வேறு தொழில் கூடாது. பின்னர் 13-ஆம் கிரகோரி காலத்திலிருந்து, மறையுரை கேட்கக் கட்டாயமாக அழைத்துச் செல்லப்பட்டார்கள். காதில் மெழுகு அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு மரபு உண்டு. இன்றைய பெரிய தொழுகைக்கூடத்துக்கு எதிரே இருக்கும் சிற்றாலயத்தின் முகப்பில், அடங்காத மக்களை நோக்கி நாளெல்லாம் கை நீட்டியதாகச் சொல்லும் எசாயாவின் வசனம் எபிரேயத்திலும் இலத்தீனிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர்களுடைய இறைவாக்கினரின் சொல்லே அவர்களுக்கு எதிராகச் சுவரில் எழுதப்பட்டது. 1870-இல் திருத்தந்தையின் அரசாட்சி முடிந்தபோதுதான் அந்தச் சிறைவாசமும் முழுமையாக முடிந்தது. 1904-இல் சதுரக் கூரை மாடத்தோடு உயரமான தொழுகைக்கூடத்தை அதே இடத்தில் கட்டினார்கள். ஆற்றுக்கு அப்பால் புனித பேதுரு பேராலயத்தின் மாடம், இப்பால் இவர்களுடையது.

ஒரு சிறு தகவல். உரோமைக்குத் திருப்பயணம் போனவர்கள் புனித பேதுரு சதுக்கத்தின் அருகே தள்ளுவண்டிகளில் செபமாலைகள் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வியாபாரிகளில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக யூதக் குடும்பத்தினர். பழந்துணி விற்றவர்களின் பேரப்பிள்ளைகள். தோவாஃபின் மந்தையில் பெரும்பகுதி இத்தகைய எளிய மக்கள்தாம்.

அப்படிப்பட்ட மக்களிடம் 1943 செப்டம்பர் இறுதியில் ஜெர்மானிய எஸ்.எஸ். அதிகாரி, 36 மணி நேரத்துக்குள் 50 கிலோ தங்கம் தராவிட்டால் 200 பேரை நாடுகடத்துவேன் என்றார். மோதிரமும் கம்மலுமாகச் சேர்த்தார்கள். கத்தோலிக்கர் சிலரும் வந்து தங்கள் நகைகளைக் கொடுத்தார்கள். குறைந்தால் கடனாகத் தருகிறோம் என்று வத்திக்கானிலிருந்தும் சொல்லியனுப்பினார்கள், தேவைப்படவில்லை. தங்கத்தைக் கொடுத்தபின் நிம்மதியாகத் தூங்கினார்கள். அக்டோபர் 16, சனிக்கிழமை விடியற்காலை, மழையில், வீடு வீடாக வந்து 1,259 பேரைப் பிடித்தார்கள். இரண்டு நாள் அவர்களை அடைத்துவைத்த இராணுவக் கல்லூரி வத்திக்கானிலிருந்து நடந்துபோகும் தூரம். அங்கே ஒரு பெண்ணுக்குப் பிரசவமும் ஆனது. கலப்புத் திருமணம் முதலிய காரணங்களால் சிலரை விடுவித்து, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் 16 பேர்.

திருத்தந்தை 12-ஆம் பயஸ் அன்று வெளிப்படையாகக் குரல் கொடுக்கவில்லை. ஏன் என்பதைப் பற்றி நூலகம் நிறைய நூல்கள் உள்ளன. இங்கே தீர்ப்பு எழுத எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்நாள்களில் உரோமையின் கன்னியர் மடங்களும் துறவியர் இல்லங்களும் கதவைத் திறந்தன என்பதும் உண்மை. 155 துறவற இல்லங்கள் அடைக்கலம் கொடுத்தவர்களின் பட்டியல் ஒன்று மீண்டும் கண்டெடுக்கப்பட்டதாக 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அதில் 3,200 பேர் யூதர்கள் என உறுதிசெய்யப்பட்டது. மௌனமும் அடைக்கலமும் ஒரே நகரில், ஒரே மாதத்தில் நடந்தவை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையல்ல.

இன்னொரு காயமும் உண்டு. அந்தக் கொடிய நாள்களில் உரோமையின் தலைமை ரபியாக இருந்த இஸ்ரேல் சோல்லி 1945 பிப்ரவரியில் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கரானார். திருத்தந்தைக்கு நன்றியாக அவருடைய திருமுழுக்குப் பெயரான எவுஜேனியோவைத் தமதாக்கிக்கொண்டார். நம்மவர்கள் அதை மகிழ்ச்சியோடு எழுதுவார்கள். ஆனால் ஆயிரம் பேரைப் புகைக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த மக்கள், தங்கள் மேய்ப்பரும் போய்விட்டார் என்று எப்படி உணர்ந்திருப்பார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இடையில் வந்த ரபி தாவிது பிராத்தோவுக்குப் பிறகு அந்த இருக்கையில் தோவாஃப் அமர்ந்தார். அரை நூற்றாண்டு அமர்ந்திருந்தார்.

அவருடைய பணி பெரும்பாலும் செய்தித்தாளில் வராதது. பள்ளிக்கூடம், திருமணம், அடக்கம், கடன் தொல்லை, குடும்பச் சண்டை. 1967-இல் லிபியாவிலிருந்து விரட்டப்பட்ட ஆயிரக்கணக்கான யூதர்கள் கையில் ஒரு பெட்டியோடு உரோமைக்கு வந்து இறங்கியபோது, வேறு மொழி, வேறு பழக்கம் கொண்ட அவர்களை உள்ளூர் மக்களோடு இணைக்க வேண்டியிருந்தது. பங்கு நடத்தும் எவருக்கும் இது புரியும்.

திருச்சபையோடு உறவு மெதுவாகத் துளிர்த்தது. பெரிய வெள்ளிப் பொது மன்றாட்டில் யூதர்களுக்காக மன்றாடும்போது ‘பெர்ஃபிதிஸ்’ என்ற இலத்தீன் சொல் இருந்தது. நம்பிக்கை கொள்ளாதவர் என்பது அதன் பழைய பொருள். இத்தாலியரின் காதில் நயவஞ்சகர், துரோகி என்றே விழும். மற்ற எல்லா மன்றாட்டுக்கும் முழந்தாளிடுவோம்; அதற்கு மட்டும் முழந்தாளிட மாட்டோம். 1955-இல் 12-ஆம் பயஸ் முழந்தாளிடுவதைச் சேர்த்தார். 1959-இல் 23-ஆம் யோவான் (நம் பெரியவர்கள் 23-ஆம் அருளப்பர் என்பார்கள்) அந்தச் சொல்லையே நீக்கினார். போர்க்காலத்தில் துருக்கியில் திருத்தந்தையின் தூதராக இருந்து, தப்பியோடிய யூதர்களுக்கு உதவியவர் அவர்.

1962-இல் ஒரு சனிக்கிழமை. திருத்தந்தையின் கார் தைபர் கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. தொழுகை முடிந்து யூதர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். திருத்தந்தை காரை நிறுத்தச் சொல்லி, அவர்களுக்கு ஆசி வழங்கினார். திகைத்துப்போன மக்கள் சற்றுநேரத்தில் காரைச் சூழ்ந்து கைதட்டினார்கள். மறு ஆண்டு 1963 சூனில் அவர் இறந்துகொண்டிருந்த இரவில், தோவாஃப் தம் மக்களில் சிலரோடு புனித பேதுரு சதுக்கத்துக்குப் போய், கத்தோலிக்கர்களின் கூட்டத்துக்குள் நின்று அவருக்காகச் செபித்தார். யாரும் அழைக்கவில்லை.

1965 அக்டோபர் 28 அன்று ‘நம் காலத்தில்’ வெளிவந்தது. இயேசுவின் சாவுக்கு அக்காலத்து யூதர் எல்லாரையும் வேறுபாடின்றியோ, இக்காலத்து யூதர்களையோ குற்றவாளிகளாக்கக் கூடாது என்று சங்கம் கற்பித்தது. காட்டு ஒலிவக் கிளையாகிய நாம் ஒட்டப்பட்டிருப்பது எந்த வேரில் என்பதையும் நினைவூட்டியது (காண்: உரோ 11:17-24). ஆனால் அறிக்கை ஒன்று. மக்களின் நெஞ்சு வேறொன்று. பெரிய வெள்ளியன்று யோவானின் பாடுகளை வாசித்தபின் ‘யூதர்கள் கொன்றார்கள்’ என்று நம் மறையுரை மேடைகளில் இன்றும் கேட்கிறோம். நானும் இளங்குருவாக இருந்தபோது அப்படிப் பேசியிருக்கிறேன்.

1982 உரோமை யூதர்களுக்குக் கொடிய ஆண்டு. லெபனான் போரையொட்டி இஸ்ரேல் மீது எழுந்த கோபம், உரோமையின் தெருவில் செபமாலை விற்றவர்கள் மீது திரும்பியது. சூன் மாதம் ஒரு பேரணியில் வந்தவர்கள் தொழுகைக்கூடத்தின் முன் வெற்றுச் சவப்பெட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். அக்டோபர் 9, சனிக்கிழமை, விழாத் தொழுகை முடிந்து பெற்றோர் பிள்ளைகளோடு வெளியே வந்தபோது பாலஸ்தீனத் தீவிரவாதிகள் கையெறி குண்டுகளை வீசிச் சுட்டார்கள். ஸ்தேஃபனோ காய் தாக்கே என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தான். முப்பதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அங்கோனாவில் தோவாஃப் தொழுகைக்கூடத்தைப் பூட்டியதும் 39 ஆண்டுகளுக்கு முன் இதே அக்டோபர் 9 தான். அன்று பூட்டிக் காப்பாற்றினார். இம்முறை வாசலில் நின்று குழந்தையை அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று.

இவ்வளவும் நடந்தபின்புதான் 1986 வருகிறது. வத்திக்கானில் யூதர்களோடு உறவுக்கான ஆணையத்தின் செயலராயிருந்த பேரருள்திரு ஹோர்கே மெஹியா, திருத்தந்தை தொழுகைக்கூடத்துக்கு வர விரும்புகிறார் என்ற செய்தியோடு ரபியிடம் வந்தார். தோவாஃப் மனத்தளவில் உடனே இசைந்தாலும், தம் சமூகத்தோடு கலந்து பேசியே பதில் சொன்னார். வத்திக்கானிலிருந்து அந்த வாசல் மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. பேதுருவின் வழிவந்தவர் ஒருவர் அலுவல்முறையாக அதைக் கடந்து உள்ளே போனதாக வரலாற்றில் பதிவு எதுவும் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு மாலை. வாசலில் ரபி காத்திருந்தார். இருவரும் தழுவிக்கொண்டார்கள். உள்ளே இருவருக்கும் ஒரே மாதிரியான நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. நான் அந்தப் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாற்காலிகளைத்தான் பார்ப்பேன். திருத்தந்தை மறையுரை கேட்கவைக்க வரவில்லை, விருந்தினராக உட்கார்ந்திருந்தார்.

முதலில் சமூகத்தின் தலைவர் ஜாக்கமோ சபான் பேசினார். இனிப்பு மட்டும் பேசவில்லை. 1553-இல் உரோமையின் காம்ப்போ தெ ஃபியோரி சதுக்கத்தில் தல்மூது நூல்கள் எரிக்கப்பட்டதை நினைவூட்டினார். போர்க்காலத்தில் ஆற்றின் இக்கரையில் நடந்தது அக்கரைக்குத் தெரியாமலிருந்திருக்க முடியாது என்றார்; மடங்கள் கொடுத்த அடைக்கலத்தையும் நன்றியோடு சொன்னார். திருத்தந்தை கேட்டுக்கொண்டிருந்தார். தோவாஃப் தம் உரையில் இஸ்ரேல் நாட்டைத் திருப்பீடம் அங்கீகரிக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அன்று அதற்குப் பதில் கிடைக்கவில்லை. 1993 டிசம்பர் 30 அன்று திருப்பீடமும் இஸ்ரேலும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

திருத்தந்தை தம் உரையில், எக்காலத்திலும் யாராலும் யூதர்களுக்கு எதிராக நடந்த வெறுப்பையும் துன்புறுத்தலையும் திருச்சபை கண்டிக்கிறது என்றார். ‘யாராலும்’ என்ற சொல்லை நிறுத்தி இன்னொரு முறை சொன்னார். முந்தைய திருத்தந்தையரும் அதில் அடங்குவர் என்பதை அங்கிருந்த எவரும் புரிந்துகொண்டிருப்பார்கள். யூதர்கள் நம் அன்புக்குரிய சகோதரர்கள், ஒருவகையில் நம் மூத்த சகோதரர்கள் என்று சொன்னதும் அந்த உரையில்தான். 118-ஆம் திருப்பாடலின் தொடக்கத்தை எபிரேயத்தில் சொல்லி முடித்தார். வாதோவிட்சேயில் யூதச் சிறுவர்களோடு பந்து விளையாடி வளர்ந்தவர். அவர்களில் அநேகர் திரும்பி வராததைக் கண்டவர். அவருக்கு இது அரசியல் நிகழ்ச்சி அல்ல.

‘மூத்த சகோதரர்’ என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. விவிலியத்தில் மூத்தவனுக்குப் பெரும்பாலும் நல்ல இடம் கிடைப்பதில்லை. காயின், இஸ்மயேல், ஏசா; ஊதாரி மைந்தன் உவமையில் வீட்டுக்குள் வர மறுத்த அண்ணன். மூத்தவன் இளையவனுக்கு ஊழியம் செய்வான் என்ற இறைவாக்கை (காண்: தொநூ 25:23) யூதரையும் திருச்சபையையும் குறிப்பதாகப் பழைய மறைநூல் விளக்கவுரைகள் காட்டின. ஆகவே சில யூதர்களுக்கு அந்தச் சொல் முழுமையாக இனிக்கவில்லை. திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் இதை அறிந்து, ‘நம்பிக்கையில் நம் தந்தையர்’ என்பதே பொருத்தம் என்று 2010-இல் வந்த பேட்டி நூலில் கூறினார். ஆனால் தோவாஃப் அந்தச் சொல்லை மனமுவந்து எடுத்துக்கொண்டார். மறு ஆண்டு வெளியிட்ட தம் வாழ்க்கை நினைவு நூலுக்கு ‘துரோகி யூதர்கள், மூத்த சகோதரர்கள்’ என்று பெயர் வைத்தார். பழைய பெரிய வெள்ளி மன்றாட்டும் 1986-இன் உரையும் ஒரே அட்டையில். கசப்பை மறைக்காமல் நன்றியும் சொல்லும் தலைப்பு. எனக்கு அது ஒரு பெரிய இறையியல் நூலுக்குச் சமம்.

2001-இல் 86 வயதில் தோவாஃப் பணி ஓய்வு பெற்றார். ரிக்கார்தோ தி செஞ்ஞி அவருக்குப்பின் வந்தார். 2010 சனவரி 17 அன்று திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அதே தொழுகைக்கூடத்துக்கு வந்தபோது தோவாஃபுக்கு வயது 94. விழாவில் உட்கார உடலில் வலுவில்லை. வீட்டிலிருந்து கீழே இறங்கித் தெருவுக்கு வந்து நின்றார். திருத்தந்தை வழியில் நின்று அவர் கையைப் பிடித்து நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

2015 ஏப்ரல் 19 அன்று, நூறு வயது நிறைய 11 நாள் இருக்கையில், உரோமையில் காலமானார். திருத்தந்தை பிரான்சிஸ் இரங்கல் தந்தி அனுப்பினார். அடக்கத்துக்கு உடலை லிவோர்னோவுக்குக் கொண்டுபோனார்கள். அவர் சிறுவனாகத் தந்தையின் பக்கத்தில் நின்று செபித்த பழைய தொழுகைக்கூடம் அங்கே இல்லை. போர்க்காலக் குண்டுவீச்சில் சிதைந்துபோனது. 1962-இல் அதே இடத்தில் கட்டி முடித்த புதிய கூடம் இருக்கிறது. பிறந்த ஊர் மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.